ரன் – ஓர் ஆங்கிலச் சொல்லின் பல பொருள்கள்

ரன் என்பது ஆங்கிலத்தின் மிகப் பழைய, மிகச் சிறிய வினைச்சொற்களுள் ஒன்று. ஆங்கிலத்தில் இதற்கு மூன்றே எழுத்துகள். ஓடு என்பது இதன் முதற்பொருள். கிரிக்கெட்டின் வழியாகத் தமிழகத்தின் தெருக்கள் எல்லாவற்றுக்கும் இச்சொல் வந்துவிட்டதால், ஆங்கிலம் படிக்காத சிறுவனும் இதை அறிவான். ஆனால் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் 2011ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, வினைச்சொல்லாக வரும்போது மட்டும் இதற்கு 645 பொருள்கள் உண்டு. பெயர்ச்சொல்லாக வரும்போது தரும் பொருள்கள் இக்கணக்கில் சேரவில்லை. ஆங்கிலச் சொற்களில் மிகுதியான பொருள்களைக் கொண்டது இதுவே என அவ்வகராதி கணக்கிட்டுள்ளது.

அகராதியில் முதலிடம்

இந்த முதலிடம் எப்போதும் ரன் வசம் இருந்ததில்லை. ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் முதற்பதிப்பு 1884 முதல் 1928 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. அதில் மிக நீண்ட பதிவு ‘செட்’ என்னும் சொல்லுக்கு உரியது. 1989இல் வந்த இரண்டாம் பதிப்பிலும் அதுவே முன்னின்றது. அப்பதிப்பில் செட் என்னும் வினைக்கு 430 பொருள்கள் தரப்பட்டன; அவற்றை விளக்க ஏறத்தாழ 60,000 சொற்கள் தேவைப்பட்டன. ஒரு நடுத்தர நாவலின் அளவு இது.

மூன்றாம் பதிப்புக்கான திருத்தப் பணியை அகராதியார் முதலெழுத்திலிருந்து தொடங்கவில்லை. ஆங்கில நெடுங்கணக்கின் நடுவிலுள்ள ‘எம்’ என்னும் எழுத்திலிருந்து தொடங்கினர். அதனால் நீளமான பதிவு என்னும் பெயர் 2000இல் ‘மேக்’ என்ற சொல்லுக்கும், 2007இல் ‘புட்’ என்ற சொல்லுக்கும், 2011இல் ரன்னுக்கும் சென்றது. ரன்னுக்கான பதிவைத் திருத்தியவர் பீட்டர் கில்லிவர் என்னும் அகராதியியலாளர். அந்த ஒரு சொல்லுக்கு அவர் ஒன்பது மாதம் செலவிட்டார்.

645 என்ற எண்ணை மரத்தில் காய் எண்ணுவது போன்ற கணக்காகக் கொள்ளக்கூடாது. ஒரு பொருள் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதை அகராதி தொகுப்பவர்தான் முடிவு செய்கிறார். மனிதன் ஓடுவதும் குதிரை ஓடுவதும் ஒரே பொருளா, இரண்டா? நீர் ஓடுவதும் மூக்கு ஒழுகுவதும் ஒன்றா? ஆக்ஸ்ஃபோர்டு அகராதி வரலாற்று முறையில் தொகுக்கப்படுவது. வழக்கொழிந்த பொருள்களையும் அது விடாது. மாணவர் கையிலிருக்கும் சிறு அகராதி இதே சொல்லுக்குச் சில பத்துப் பொருள்களோடு நின்றுவிடும். இரண்டுமே தவறல்ல.

சொல்லின் வேர்

பழைய ஆங்கிலத்தில் இச்சொல் ‘ரின்னன்’ என்றும், எழுத்து இடம் மாறி ‘இர்னன்’ என்றும் வழங்கியது. ஓடுதல், நீர் பாய்தல் இரண்டையும் அது குறித்தது. இதன் உறவுமொழியான ஜெர்மனில் இவ்விரு பொருள்களும் இன்றும் பிரிந்தே நிற்கின்றன. ஜெர்மனில் நீர் ஒழுகுவது ‘ரின்னன்’. ஆள் ஓடுவது ‘ரெனன்’. ஆங்கிலத்தில் எல்லாம் ரன் என்ற ஒரே பாத்திரத்தில் விழுந்தன.

இன்னொரு கலப்பும் நடந்தது. பழைய ஆங்கிலத்தில் ஓடச்செய்தல் என்னும் பொருளில் ‘ஏர்னன்’ என்ற தனிச்சொல் இருந்தது. அதாவது தமிழில் ஓடு, ஓட்டு என இரண்டு இருப்பதுபோல் அங்கும் தன்வினைக்கு ஒன்றும் பிறவினைக்கு ஒன்றுமாக இரண்டு இருந்தன. காலப்போக்கில் அவை ஒன்றாகிவிட்டன. தமிழில் வண்டி ஓடுகிறது, ஓட்டுநர் வண்டியை ஓட்டுகிறார். ஆங்கிலத்தில் இயந்திரமும் ‘ரன்’ ஆகிறது, அதை இயக்குபவரும் அதை ‘ரன்’ செய்கிறார். இச்சொல்லின் பொருள்கள் இத்தனை பெருகியதற்கு இந்த இணைப்பு ஒரு முக்கியக் காரணம். ஓடுவன எல்லாவற்றுக்கும் பொருந்தும் சொல், ஓட்டுபவர் எல்லாருக்கும் பொருந்துவதாயிற்று.

காலிலிருந்து கம்பெனி வரை

முதலில் கால்கள் ஓடின. பிறகு ஆறு ஓடிற்று, கப்பல் ஓடிற்று. நிற்காமல் தொடர்ந்து இயங்குவது என்னும் கருத்து இங்கே பிறக்கிறது. கடிகாரங்களும் ஆலைகளும் ரயில்களும் வந்தபோது அவற்றின் இயக்கத்தைச் சொல்ல ஆங்கிலேயருக்குப் புதிய சொல் தேவைப்படவில்லை. இருந்த சொல்லையே நீட்டிக்கொண்டனர். தொழிற்புரட்சிக் காலத்தில் இச்சொல்லின் பொருள்கள் வேகமாகப் பெருகியதற்கு இதுவே காரணம். இயந்திரத்தை இயக்குவதிலிருந்து தொழிற்சாலையை நடத்துவதும், அதிலிருந்து கடையை, பள்ளியை, நாட்டை நடத்துவதும் ஒவ்வோர் அடியாகக் கிளைத்தன. இருபதாம் நூற்றாண்டில் கணினி நிரலும் இதே சொல்லுக்குள் வந்து சேர்ந்தது. தமிழில் அதற்கு ‘இயக்கு’ என்கிறோம்.

தமிழின் ஓடு என்பதும் இதே வழியில் வெகுதூரம் வந்திருக்கிறது. திரையரங்கில் படம் நூறு நாள் ஓடுகிறது. கடை நன்றாக ஓடுகிறது. நேரம் ஓடுகிறது. மனத்தில் ஏதேதோ எண்ணங்கள் ஓடுகின்றன. ‘இந்தச் சம்பளத்தில் குடும்பம் எப்படி ஓடும்’ என்று கேட்கிறோம். புதிதாகச் செய்த தேரைத் திருவிழாவுக்கு முன் இழுத்துப் பார்ப்பதற்கு வெள்ளோட்டம் என்று பெயர். ஆங்கிலத்தின் ‘ட்ரையல் ரன்’ என்பதற்கு இதைவிடப் பொருத்தமான தமிழ்ச்சொல்லைத் தேடவேண்டியதில்லை. இவற்றில் ஒன்றும் ஆங்கிலத்தைப் பார்த்துச் செய்ததன்று. தொடர்ந்து நிகழ்வதை ஓட்டமாகக் காண்பது இரு மொழியினருக்கும் இயல்பாக வந்திருக்கிறது.

ஆனால் இரு மொழிகளும் பிரியும் இடங்கள்தாம் மாணவருக்கு முக்கியம். மேற்குத் தொடர்ச்சி மலை குஜராத்தின் தென்பகுதியிலிருந்து கன்னியாகுமரி வரை ‘ரன்’ ஆகிறது என்று ஆங்கிலப் புவியியல் நூல் எழுதும். மலை ஓடாது, அதன்மீது பார்ப்பவரின் கண்தான் ஓடுகிறது. தமிழில் மலை நீண்டு கிடக்கிறது. சாலை செல்கிறது, போகிறது. துணியின் சாயம் ஆங்கிலத்தில் ‘ரன்’ ஆகிறது. தமிழில் சாயம் போகிறது. காய்ச்சல் தமிழில் அடிக்கிறது. கிணறு வற்றுகிறது. கப்பல் தரைதட்டுகிறது, 2021 மார்ச்சில் ‘எவர் கிவன்’ சூயஸ் கால்வாயில் குறுக்கே சிக்கி நின்றதை ஆங்கில ஏடுகள் ‘ரன் அக்ரௌண்ட்’ என்றே எழுதின. நின்றுபோன கப்பலுக்கும் ஓட்டம்தான். நோய் ஒரு குடும்பத்தில் ‘ரன்’ ஆகிறது என்றால் அது பரம்பரையாக வருகிறது என்று பொருள். பத்திரிகை ஒரு செய்தியை ‘ரன்’ செய்தால் அதை வெளியிட்டது என்று பொருள். ஆயுதத்தையோ சாராயத்தையோ ‘ரன்’ செய்தால் கடத்தல். அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்த காலத்தில் கடல்வழியே மது கடத்தியவர்களுக்கு ‘ரம் ரன்னர்’ என்று பெயர் வந்தது. அதே ‘ரன்னர்’ இன்று மேசை நடுவே விரிக்கும் நீண்ட துணியையும் குறிக்கும். வீட்டுக் கொல்லையில் கோழிகள் உலவுவதற்கு வலை அடைத்த இடமும் ஒரு ‘ரன்’.

கிரிக்கெட்டில்

இரு விக்கெட்டுகளுக்கும் இடையே 22 கெஜம். மட்டையாளர் இருவரும் எதிரெதிர் முனைகளை அடைந்தால் ஒரு ரன். தொடக்கத்தில் இதற்கு ரன் என்ற பெயரே இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு குச்சியில் கத்தியால் வெட்டுக்குறி இட்டனர். அதனால் ‘நாட்ச்’, அதாவது வெட்டு, என்பதே எண்ணிக்கையின் பெயராக இருந்தது. பிறகுதான் ஓடிய செயலின் பெயர் கிடைத்த புள்ளிக்கு ஆகிவந்தது. தமிழ் இலக்கணத்தில் இதைத் தொழிலாகுபெயர் என்பர்.

பின்னர் அந்தப் பெயர் ஓட்டத்திலிருந்தே விடுபட்டது. பந்து எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டால் மட்டையாளர் ஓடவே வேண்டாம். ஆனாலும் கணக்கில் ஏறுவது நான்கு ரன், ஆறு ரன். அகலமாக வீசிய பந்துக்கும் ஒரு ரன் உண்டு. தமிழ் நாளேடுகள் ‘ஓட்டங்கள்’ என்றும் ‘ரன்கள்’ என்றும் இரண்டையும் எழுதுகின்றன. சிக்ஸரை ஆறு ஓட்டம் என்று எழுதும்போது ஒரு வேடிக்கை இருக்கிறது. யாரும் அதைக் கவனிப்பதில்லை.

தேர்தலில் ஓடுவதும் நிற்பதும்

அமெரிக்காவில் ஒருவர் அதிபர் பதவிக்கு ‘ரன்’ செய்கிறார். பிரிட்டனில் நாடாளுமன்றத் தேர்தலுக்கு ஒருவர் ‘ஸ்டேண்ட்’ செய்கிறார். ஒரே மொழி, ஒரே செயல். அங்கே ஓடுகிறார்கள், இங்கே நிற்கிறார்கள். தமிழர் இதில் பிரிட்டன் பக்கம். ‘இந்த முறை யார் நிற்கிறார்?’ என்றுதான் ஊரில் கேட்பார்கள். இலங்கைத் தமிழில் தேர்தல் ‘கேட்பது’ என்னும் வழக்கும் உண்டு. வாக்குக் கேட்பவர் என்ற உண்மைக்கு அதுவே மிக நெருக்கமானது எனலாம்.

அமெரிக்க அரசியலின் ஓட்டம் குதிரைப் பந்தயத்தின் சாயலைக் கொண்டது. துணை அதிபர் வேட்பாளரை ‘ரன்னிங் மேட்’ என்கிறார்கள். ஒரே லாயத்தைச் சேர்ந்த இரு குதிரைகளில், முதன்மைக் குதிரைக்கு வேகம் கூட்டுவதற்காக உடன் ஓடவிடும் குதிரைக்குத்தான் முதலில் இப்பெயர். யாருக்கும் பாதிக்குமேல் வாக்குக் கிடைக்காதபோது முதலிருவரிடையே நடத்தும் இரண்டாம் சுற்று ‘ரன்-ஆஃப்’ எனப்படும். பிரான்சின் அதிபர் தேர்தல் இம்முறையில் நடக்கிறது. இதே சொல் நீரியல் பாடத்தில் வந்தால், நிலத்தில் ஊறாமல் மேற்பரப்பில் வழிந்தோடும் மழைநீர் என்று பொருள். அரசறிவியல் மாணவரும் புவியியல் மாணவரும் ஒரே சொல்லை ஒரே நாளில் வேறு வேறு பொருளில் படிக்கக்கூடும்.

வங்கியின் மேல் ஓட்டம்

வங்கி திவாலாகப் போகிறது என்ற அச்சத்தில் வாடிக்கையாளர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் பணத்தைத் திரும்பக் கேட்பதற்கு ‘பேங்க் ரன்’ என்று பெயர். வங்கிகள் தம்மிடம் வரும் வைப்புத்தொகையின் பெரும்பகுதியைக் கடனாகக் கொடுத்துவிடுகின்றன. கையில் இருப்பது சிறுபகுதி. ஆகவே நல்ல நிலையிலுள்ள வங்கியும் எல்லாரும் ஒருசேர வந்து நின்றால் தாங்காது. முந்தினவருக்குப் பணம் கிடைக்கும், பிந்தினவருக்குக் கிடைக்காமல் போகலாம் என்பதால்தான் ஓடுகிறார்கள். ஓடுவதாலேயே வங்கி விழுகிறது.

2007 செப்டம்பர் 14 அன்று பிரிட்டனில் நார்தர்ன் ராக் வங்கியின் கிளைகள் முன் நீண்ட வரிசைகள் நின்றன. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அந்நாடு இத்தகைய காட்சியைக் கண்டதில்லை. வைப்புத்தொகைக்கு அரசு உத்தரவாதம் அளித்த பிறகே வரிசை குறைந்தது. 2008 பிப்ரவரியில் அவ்வங்கி நாட்டுடைமையாக்கப்பட்டது. 2023 மார்ச் 9 அன்று அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கியில் ஒரே நாளில் 4,200 கோடி டாலரை எடுக்க வாடிக்கையாளர்கள் முயன்றனர். மறுநாள் வங்கி மூடப்பட்டது. இம்முறை பணம் பெரும்பாலும் இணையத்தின் வழியாகவே வெளியேறியது. ஓடி வந்து வாசலில் நிற்கவேண்டிய தேவை இருக்கவில்லை. ஆனாலும் அதன் பெயர் ‘ரன்’ தான்.

துணைச்சொல் சேரும்போது

ரன்னோடு ஒரு சிறு சொல் சேர்ந்தால் பொருள் முற்றிலும் மாறும். ‘ரன் இன்டு’ என்றால் எதிர்பாராமல் சந்திப்பது, அல்லது மோதுவது. ‘ரன் டவுன்’ என்றால் ஒருவரை இகழ்ந்து பேசுவது, மின்கலம் தீர்வது, வண்டியால் அடித்து வீழ்த்துவது. ‘ரன் அப்’ என்றால் கடனை ஏற்றிக்கொள்வது. ‘ரன் ஓவர்’ இன்னும் வம்பானது. ஆசிரியர் குறிப்புகளை ‘ரன் ஓவர்’ செய்தால் விரைவாக ஒருமுறை பார்த்தார். கூட்டம் ‘ரன் ஓவர்’ ஆனால் குறித்த நேரத்தைத் தாண்டிற்று. ஒரு நாயை லாரி ‘ரன் ஓவர்’ செய்தால் அதன்மேல் ஏறிற்று. எந்தப் பொருள் என்பதை வாக்கியத்தின் எழுவாயும் செயப்படுபொருளுமே காட்டும். இத்தகைய கூட்டுகளைத் தனிச்சொற்களாகக் கருதிப் படிப்பதே நல்லது. உறுப்புகளைப் பிரித்துப் பொருள் கூட்டிப் பார்த்தால் தவறும்.

இவற்றுள் ‘ரன் அவுட் ஆஃப்’ என்பதற்குத் தீர்ந்துபோதல் என்று பொருள். இத்தொடர் உயிர்களோடு தொடர்புபட்ட ஒரு நிகழ்வு உண்டு. 1990 ஜனவரி 25 அன்று கொலம்பியாவிலிருந்து நியூயார்க் சென்ற அவியாங்கா 52 என்ற போயிங் 707 விமானம், மோசமான வானிலையால் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக வானில் காத்திருக்க வைக்கப்பட்டது. தங்களுக்கு முன்னுரிமை வேண்டும் என்று விமானிகள் கூறினர். முதன்முறை தரையிறங்க முயன்று முடியாமல் மேலே எழும்பியபோது, துணைவிமானி கட்டுப்பாட்டு அறையிடம் எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது என்பதை ‘ரன்னிங் அவுட் ஆஃப் ஃப்யூயல்’ என்று தெரிவித்தார். ‘எமர்ஜென்சி’ என்ற சொல்லை யாரும் சொல்லவில்லை. சற்று நேரத்தில் நான்கு எஞ்சின்களும் நின்று, விமானம் லாங் ஐலண்டின் கோவ் நெக் என்ற ஊரில் விழுந்தது. அதிலிருந்த 158 பேரில் 73 பேர் இறந்தனர்.

துணைவிமானி சொன்னது இலக்கணப்படி சரி, பொருளும் சரி. சிக்கல் அதன் நெகிழ்ச்சியில் இருந்தது. நீண்ட பயணத்தின் முடிவில் தரையிறங்க வரும் விமானம் எதுவாயினும் எரிபொருள் குறைந்துகொண்டுதான் இருக்கும். தீரத் தொடங்கியிருக்கிறதா, இன்னும் சில நிமிடத்தில் தீர்ந்துவிடுமா என்ற வேறுபாட்டை அத்தொடர் தெரிவிப்பதில்லை. அவசரநிலையை விமானிகள் தெளிவாக அறிவிக்கத் தவறியதை விசாரணை அறிக்கை முதன்மைக் காரணங்களுள் ஒன்றாகக் கூறியது. எரிபொருள் பற்றாக்குறையைச் சொல்ல இருதரப்பும் ஒரே பொருளில் புரிந்துகொள்ளும் வரையறுத்த சொற்கள் இல்லாததையும் துணைக்காரணமாகச் சுட்டியது. இன்று ‘மினிமம் ஃப்யூயல்’, ‘மேடே ஃப்யூயல்’ என்ற இரண்டு தொடர்களுக்கும் பன்னாட்டு விமானப் போக்குவரத்தில் திட்டமான பொருள் உண்டு.

பலபொருள் ஒருசொல்

ஒரு சொல் பல பொருள் தருவது தமிழ் இலக்கணிகளுக்குப் புதிதன்று. தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் கிளவியாக்கம் இதை இரு வகையாகப் பிரிக்கிறது. சேர்ந்து வரும் வினையால் பொருள் தெளிவாவது ஒன்று. வினையாலும் தெளியாமல், வெளிப்படையாக எடுத்துச் சொன்னால்தான் விளங்குவது மற்றொன்று. ‘மா’ என்பது மரத்துக்கும் விலங்குக்கும் பெயர். மா பூத்தது என்றால் மரம். மா ஓடிற்று என்றால் விலங்கு. மா வீழ்ந்தது என்றால் இரண்டும் ஆகலாம். ஆகவே மாமரம் என்றோ வேறு விதமாகவோ விளக்க வேண்டும். கோவ் நெக் விபத்தை இந்த இரண்டாம் வகைக்கு எடுத்துக்காட்டாகச் சொன்னால் பொருந்தும்.

இத்தகைய சொற்களைத் தொகுத்து மனப்பாடம் செய்யும் வழக்கமும் இருந்தது. மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டில் பதினோராம் தொகுதி ஒரு சொல் பல்பொருளுக்கே உரியது. பழைய திண்ணைப் பள்ளிகளில் அத்தொகுதியைத் தனியே கற்பித்தனர்.

ஆயினும் ஒரு வேறுபாட்டை நினைவில் கொள்ள வேண்டும். ஓடு என்ற வினையும், கூரையில் வேயும் ஓடும் ஒலியால் ஒன்றே, பொருளால் தொடர்பில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் அவற்றைத் தனித்தனிப் பதிவுகளாகவே தருகிறது. ஆற்றின் ஓட்டமும் படத்தின் ஓட்டமும் அப்படியல்ல. ஒன்றிலிருந்து மற்றொன்று கிளைத்தது. ஆங்கில ரன்னின் 645 பொருள்களும் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகை. கிளைகள் எவ்வளவு விலகிப் போனாலும் அடிமரத்தைத் தேடிக் கண்டுபிடிக்கலாம்.

கணினிக்கு ஏன் கடினம்

இயந்திர மொழிபெயர்ப்பில் முதலிலேயே எழுந்த சிக்கல்களுள் இது ஒன்று. 1949இல் வாரன் வீவர் என்ற அமெரிக்க அறிவியலாளர் ஒரு வழி கூறினார். ஒரு தாளில் சிறு துளை இட்டு அதன் வழியே ஒரே ஒரு சொல்லை மட்டும் பார்த்தால் பொருள் தெரியாது. துளையைப் பெரிதாக்கி முன்னும் பின்னும் சில சொற்களைக் காட்டினால் தெரிந்துவிடும் என்றார். 1960இல் யெஹோஷுவா பார்-ஹிலெல் இதற்கு மறுப்பு எழுப்பினார். ‘பென்’ என்ற ஆங்கிலச் சொல் பேனாவையும், சிறு குழந்தைகள் விளையாட அடைத்த இடத்தையும் குறிக்கும். ஒரு பெட்டி பென்னுக்குள் இருந்தது என்றால் எந்தப் பென் என்று அறிய அக்கம்பக்கச் சொற்கள் போதா. பெட்டி பேனாவைவிடப் பெரியது என்ற உலக அறிவும் வேண்டும் என்பது அவர் வாதம். இன்றைய மொழிபெயர்ப்பு நிரல்கள் ஏராளமான நூல்களைப் படித்துச் சொற்சேர்க்கைகளைக் கற்றுக்கொள்வதால் வழக்கமான இடங்களில் சரியாகவே செய்கின்றன. அரிதான பொருள் வந்தால் இன்னும் இடறுகின்றன. கோழி ‘ரன்’ என்பதைக் கோழி ஓட்டம் என்று மொழிபெயர்த்துவிட்டால், அதைப் பிடித்துத் திருத்த ஓர் ஆள் வேண்டியிருக்கிறது.

தமிழ்ப் பேச்சில் ரன்

ஆங்கிலத்தின் அத்தனை பொருள்களில் ஒரு கைப்பிடியளவே தமிழ்ப் பேச்சுக்கு வந்திருக்கிறது. அவையும் தமக்கென ஓர் இடம் பிடித்துக்கொண்டன. பழைய வண்டி விற்பவர் ‘ரன்னிங் கண்டிஷன்’ என்கிறார். சுற்றுச்சுவருக்கும் மரவேலைக்கும் கூலி பேசுவோர் ‘ரன்னிங் ஃபீட்’ கணக்குச் சொல்கின்றனர். அகலம், உயரம் பாராமல் நீளத்தை மட்டும் அளப்பது என்று அதற்குப் பொருள். ‘ரன்னிங்கில் ஏறாதே’ என்று நடத்துநர் திட்டுகிறார். அங்கே ஓடுவது பேருந்தா, ஏறுபவரா என்று கேட்டால் இரண்டும்தான். விமான நிலையத்தின் ‘ரன்வே’ மட்டும் செய்தித்தாள்களில் ஓடுபாதை, ஓடுதளம் எனத் தமிழாகி நிலைத்துவிட்டது.